வாசகர் கேள்வி – பதில்: முகம் காட்டும் பூவும் பொங்கல் வாழ்த்தும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் பக்கத்து அச்சகங்களில் நாட்காட்டி வேலையோடு பொங்கல் வாழ்த்து அட்டை வேலையும் தொடங்கிவிடும். இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பூவைப் பற்றியவையாக அமைந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் பேன்சிப் பூவுக்கும், அதன் ஒளிப்படத்தைத் தாங்கிய வாழ்த்து அட்டைக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பேத்தி ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறாள். என்னுடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு, தன் வீட்டுத் தோட்டத்தில் தானே எடுத்த பூப்படம் ஒன்றை ஒட்டி வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறாள். மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் கலந்த பூ. நடுவில் மீசை வைத்த முகம் போலக் கறுத்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் "இது வரைந்த படம், இப்படி ஒரு பூ கிடையாது" என்கிறார்கள். இது உண்மையான பூவா? இதைப் போய் ஏன் எனக்கு அனுப்பினாள்?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உண்மையான பூதான், ஆச்சி. தங்கள் பேத்தி தங்களை ஏமாற்றவில்லை. ஆங்கிலத்தில் பேன்சி என்று அழைக்கப்படும் இந்தப் பூவுக்குத் தமிழில் வழக்குப் பெயர் இல்லை. குளிர்நாட்டுச் செடியாகையால் நம் முன்னோர் இதைப் பார்த்துப் பெயரிட வாய்ப்பே அமையவில்லை. 'ஃபேன்சி' என்று எழுதுகிற அச்சுப்பிழையை அடிக்கடி பார்க்கிறேன். வளையலும் பொட்டும் விற்கும் கடைக்குரிய அந்தச் சொல்லுக்கும் இந்தப் பூவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இதழ்கள் ஐந்து இருக்கும். மேலே இரண்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கீழே அகலமாக ஒன்று. பக்க இதழ்கள் இரண்டும் கீழிதழும் கூடுகிற இடத்தில் கரும்பொட்டும், அதிலிருந்து மீசை முடி போலப் பிரியும் மெல்லிய கோடுகளும் தெரியும். தேனீக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் வழிக்கோடுகள் அவை. கீழிதழின் பின்புறத்தில் சிறு வால் போல நீண்டிருக்கும் பையில்தான் தேன் இருக்கிறது. ஐரோப்பிய வயல்களில் தானாக முளைக்கும் மூவண்ணக் காட்டுப்பூவில் கோடுகள் மட்டுமே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள், குறிப்பாகக் கடற்படைத் தளபதி கேம்பியர் பிரபுவிடம் தோட்டக்காரராக இருந்த வில்லியம் தாம்சன், அந்தக் காட்டுப்பூவைப் பிற இனங்களோடு கலந்து பெரிய பூக்களை உண்டாக்கினார்கள். தங்கள் அட்டையில் தெரியும் முகம் 1830களில் அந்தக் கலப்பில் தோன்றியது. கோடுகள் தடித்து ஒன்றுகூடிப் பொட்டாயின. தாவரவியலில் இதற்கு வழங்கும் 'வயோலா விட்ராக்கியானா' என்ற பெயர், இந்தப் பூவின் வரலாற்றை ஆராய்ந்த சுவீடன் தாவரவியலாளர் விட்ராக்கின் நினைவாக இடப்பட்டது.

ஏன் தங்களுக்கு அனுப்பினாள் என்பதற்கான விடை பெயரிலேயே இருக்கிறது. பேன்சி என்ற சொல், நினைவு அல்லது எண்ணம் என்று பொருள்படும் 'பான்ஸே' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தலையைச் சற்றே கவிழ்த்து யோசனையில் ஆழ்ந்த முகம் போல அந்தப் பூ இருப்பதால் அப்பெயர் பெற்றதாகச் சொல்வார்கள். தொலைவில் இருப்பவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்காக ஐரோப்பியர் நெடுங்காலமாகத் தேர்ந்தெடுத்து வரும் பூ அது. தங்கள் பேத்தி தொலைபேசியில் "ஆச்சி நெனப்பாவே இருக்கு" என்று சொல்லியிருப்பாள். அதையே அட்டையிலும் ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

கேள்வி: மே மாதம் குடும்பத்துடன் உதகை சென்றிருந்தபோது அரசுத் தாவரவியல் பூங்காவில் பேன்சிப் பூக்களைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். உறவினர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் அனுப்ப அந்தப் படத்தை வைத்து நூறு பொங்கல் வாழ்த்து அட்டை அச்சிட விரும்பி, டவுனில் ஓர் அச்சகத்தில் மாதிரி எடுத்தேன். திரையில் பட்டுத்துணி போல ஒளிர்ந்த ஊதா, தாளில் மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடக்கிறது. மஞ்சள் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. அச்சகத்தாரைக் கேட்டால், படமே அப்படித்தான் என்கிறார். பிழை யாருடையது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை நான் என் சொந்த இழப்பிலிருந்து அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலில் எடுத்த பேன்சிப் படம் ஒன்றை இருநூறு அட்டைகளாக அச்சிடக் கொடுத்தேன். மாதிரி பார்க்காமல் பணத்தைக் கட்டியது என் தவறு. கட்டு பிரித்துப் பார்த்தபோது ஊதா முழுவதும் சாம்பல் படிந்த கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அது போதாதென்று, பக்கம் அமைத்தவர் படத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார். பூவை அறியாதவருக்கு அது தலைகீழ் என்று தெரிய வழியில்லை. எனக்கோ ஒவ்வொரு அட்டையிலும் ஒரு முகம் கவிழ்ந்து தொங்குவதாகத் தோன்றியது. ஓர் அட்டையைக்கூட அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தாங்கள் மாதிரி எடுத்துப் பார்த்ததையே முதலில் பாராட்டுகிறேன்.

பிழை தங்களுடையதும் அன்று, முழுவதும் அச்சகத்தாருடையதும் அன்று. கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சோ சயான் எனும் வெளிர்நீலம், மெஜெந்தா எனும் கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைத் தாளில் இட்டு, தாளிலிருந்து திரும்பும் ஒளியைக் குறைத்து நிறம் காட்டுகிறது. மஞ்சளுக்குத் தனி மையே இருப்பதால் மஞ்சள் இதழ் பழுதில்லாமல் வருகிறது. ஊதாவுக்குத் தனி மை இல்லை. வெளிர்நீலமும் மெஜெந்தாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துதான் ஊதா உண்டாக வேண்டும். இரண்டு மையும் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் திரையில் கண்ட ஒளிர்வு தாளில் ஒருபோதும் வராது. நான்கு மைகளால் எட்ட முடியாத நிறங்களில் ஒளிரும் ஊதா முதன்மையானது.

பேன்சி இந்தத் தொல்லையை இன்னும் கூட்டுகிறது. அதன் இதழ் பட்டுப் போலத் தெரிவதற்குக் காரணம், மேல்தோலின் உயிரணுக்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய கூம்பு போல நிமிர்ந்திருப்பதே. விழுகிற ஒளி அந்தக் கூம்புகளுக்கிடையே சிக்கி, நிறம் ஆழமாகிறது. நம் கண் அந்த ஆழத்துக்குள்ளும் கோடுகளைப் பிரித்துப் பார்த்துவிடும். கைப்பேசிக்கு அது கடினம். அச்சு இயந்திரத்துக்கு அதைவிடக் கடினம். நடுப்பொட்டில் மூன்று மைக்கு மேல் கறுப்பு மையும் சேர்ந்துகொள்ள, மீசைக் கோடுகள் மறைந்து வெறும் கறுப்பு மட்டும் மிஞ்சுகிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அச்சகத்துக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் அது சுருக்கப்பட்டே சென்றிருக்கும். மூலக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஐந்துக்கு ஏழு அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1500க்கு 2100 புள்ளிகள் போதும்; பன்னிரண்டு மெகாபிக்சல் கைப்பேசிப் படம் ஏறத்தாழ 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது என்பதால், ஓரங்களை நன்றாகவே வெட்டிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன், நிழற்பகுதிகளை மட்டும் சற்று வெளிறச் செய்யச் சொல்லுங்கள். திரையில் கொஞ்சம் சோகையாகத் தெரியும் ஊதாதான் தாளில் சரியாக உட்காரும். நிறத்தை இன்னும் அழுத்தமாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணி அழுத்தினால் கறுப்புதான் கூடும். மறுபடி மாதிரி எடுக்கும்போது, அட்டை அச்சாகப் போகிற அதே தாளில் எடுக்க வேண்டும். எடுத்ததை அச்சகத்துக் குழல்விளக்கின் கீழ் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள ஆர்ட் கார்டு எனும் வழவழப்பான தாளில் பளபளப்பான லேமினேஷன் இட்டால் கரிய நிறங்களின் ஆழம் நிலைக்கும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் மற்ற படங்களுக்கு அழகு. இந்தப் பூவை அது மங்கலாக்கிவிடும். உட்பக்கத்தில் லேமினேஷன் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லையேல் பேனா பிடிக்காது. மடிப்புக்குக் கிரீசிங் (மடிக்கும் இடத்தில் அழுத்தி இடும் பள்ளக்கோடு) போடாமல் கையால் மடித்தால் இந்தக் கனமுள்ள தாள் மடிப்பில் வெடித்து வெள்ளைக்கோடு காட்டும்.

நூறு அட்டைதான் என்பதால் ஆஃப்செட் அச்சுக்குப் பிளேட் எனும் அச்சுத்தகடு போடுவது வீண்செலவு. டிஜிட்டல் அச்சே போதும். ஆயினும் என் மனம் சாய்வது மூன்றாவது வழியின் பக்கம். படத்தை நல்ல ஸ்டுடியோவில் நான்குக்கு ஆறு அங்குல ஒளிப்படப் பிரதிகளாகவே நூறு எடுத்து, முன்னதாக மடித்து வைத்த வெற்று அட்டையில் ஒட்டுங்கள். ஒளிப்படத்தாளில் நிறம் மையால் விழுவதில்லை. தாளுக்குள் இருக்கும் சாயப் படலங்களில் ஒளி பட்டு உருவாகிறது. அதனால் ஊதா அச்சைவிட உயிரோடு வரும். மேலே பாளையங்கோட்டை ஆச்சிக்கு வந்த அட்டை அப்படிச் செய்ததே. மைதாப் பசையோ தண்ணீர் கலந்த கோந்தோ பூசினால் படம் சுருண்டுவிடும். இருபுறமும் ஒட்டும் டேப்பின் நான்கு துண்டுகள் போதும். ஒற்றைக் கீழிதழ் அடிப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து ஒட்டுங்கள்.

அடுத்த மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போனால், உச்சி வெயிலில் படம் எடுப்பதைத் தவிருங்கள். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் வெயில் கூர்மையாக விழும். மஞ்சள் இதழ் வெளுத்துப்போக, ஊதா இருண்டுபோகும். மேகமோ மூடுபனியோ இருக்கும் காலை வேளையில் இரண்டும் ஒன்றுக்கொன்று இணங்கும். பேன்சிச் செடி ஒரு சாணுக்கு மேல் உயராது. நின்றபடி எடுத்தால் பூவின் உச்சந்தலைதான் விழும்; பாத்தியோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பூவின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியைப் பிடிக்க வேண்டும். பூக்கள் பெரும்பாலும் வெளிச்சம் வரும் பக்கமே முகம் திருப்பியிருக்கும். ஆகவே பாத்தியின் ஒரு பக்கத்தில் முகங்களும் மறுபக்கத்தில் பிடரிகளுமாகத் தெரியும். முகப்பக்கத்துக்குப் போங்கள். திரையில் மஞ்சள் இதழைத் தொட்டு, வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்துவிட்டு எடுங்கள். பாத்தி முழுவதையும் எடுத்தால் அட்டையில் அது நிறத்திட்டாகவே தெரியும். ஒரு பூ, மிஞ்சினால் இரண்டு போதும்.

கேள்வி: குற்றாலத்தில் சாரல் காலத்தில் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது? தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் பேன்சி வளர்த்து, நானே படம் எடுத்து அட்டை செய்ய ஆசைப்படுகிறேன். இணையத்தில் விதையும் வாங்கிவிட்டேன். முளைத்தவை எல்லாம் ஒரு மாதத்தில் அழுகிவிட்டன. என் கைராசி அப்படியா?
— கல்லூரி மாணவி ஒருவர், தென்காசி

பதில்: கைராசிக்கு இதில் வேலையே இல்லை, தங்கையே. சாரல் உடம்புக்குக் குளிர்ச்சியாகத் தெரிவது காற்றாலும் ஈரத்தாலும். பேன்சி கேட்பது வேறு குளிர். அதற்கு இரவு நன்றாகக் குளிர்ந்து இறங்க வேண்டும். தில்லியிலும் லக்னோவிலும் கோடை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், மார்கழி, தை மாதங்களில் இரவு குளிர்ந்துவிடுவதால் அங்கெல்லாம் குளிர்காலப் பாத்திகளில் பேன்சி நன்றாகப் பூக்கிறது. நம் சீமையில் அந்த மாதங்களிலும் இரவு அவ்வளவு குளிர்வதில்லை. ஆனி, ஆடிச் சாரலில் கேட்கவே வேண்டாம். வெப்பமும் ஓயாத ஈரமும் சேர்ந்தால் இளநாற்றின் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாய்ந்துவிடும். தங்களுக்கு நேர்ந்தது அதுவே.

ஆனால் தாங்கள் பேன்சியின் உறவுக்காரப் பூவை நம் மண்ணிலேயே படம் எடுக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆவலோடு எடுத்துக்கொண்டேன். ஓரிதழ்த்தாமரை என்ற மூலிகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள் யாரைக் கேட்டாலும் காட்டிவிடுவார்கள். பெயரில் தாமரை இருந்தாலும் தாமரைக்கும் அதற்கும் உறவில்லை. பேன்சி சேர்ந்துள்ள வயோலேசியே குடும்பத்தில்தான் அதுவும் சேர்ந்திருக்கிறது. இரண்டு பூக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். பேன்சியைப் போலவே அதற்கும் இதழ் ஐந்து. நான்கு இதழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துப்போக, ஐந்தாவதான கீழிதழ் மட்டும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் அகன்று விரிகிறது. ஓரிதழ் என்ற பெயருக்கு அதுவே காரணம். பேன்சியின் முகத்தில் தாடையாக இருக்கும் அந்த இதழே இங்கே பூவாகிவிட்டது என்று கொள்ளலாம். காய் முற்றினால் இரண்டிலும் மூன்று பிளவாகத்தான் வெடிக்கும்.

இப்போது பெய்கிற மழைக்குப் பிறகு செம்மண் தரிசிலும் வரப்போரத்திலும் புல்லோடு புல்லாக முளைத்திருக்கும். தென்காசியிலிருந்து எந்தப் பக்கம் பேருந்தில் போனாலும், ஊர் தாண்டி இறங்கி வரப்பில் நடந்தால் கண்ணில் படக்கூடும். பூ சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும் என்பதால் கைப்பேசியின் சாதாரண லென்ஸ் போதாது. மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ வசதி வேண்டும், அல்லது கைப்பேசியில் மாட்டும் சிறு லென்ஸ் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். காலையில் காற்று எழுவதற்கு முன் போய், பூவுக்குப் பின்னால் செம்மண் மட்டும் தெரியும்படி தாழ்ந்து எடுங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், மருந்துக்காகப் பறிப்பவர்களே அதற்குப் போதும். சங்குப்பூவையும் சிலர் பேன்சிக்கு மாற்றாகச் சொல்வார்கள். அது அவரைக் குடும்பத்துப் பூ. அட்டைக்கு அழகாக இருக்கும், ஆனால் உறவு கிடையாது. என்னைக் கேட்டால், பேன்சிப் படம் ஒட்டிய அட்டையைவிட, தென்காசி வரப்பில் தாங்களே கண்டெடுத்த ஓரிதழ்த்தாமரை அட்டை எனக்கு வந்தால் அதிகம் மகிழ்வேன். அதன் உட்பக்கத்தில் இந்த உறவை இரண்டு வரியில் எழுதுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் பேன்சிப் படத்தை இறக்கி அட்டை அச்சிட்டு விற்கலாமா?
— வாசகர் ஒருவர், சங்கரன்கோவில்

பதில்: கூடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படத்தையும் காக்கிறது. எடுத்தவர் எழுத்து மூலம் அனுமதி தந்தாலோ, விற்பனைக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு அவரே வெளியிட்டிருந்தாலோ மட்டும் அச்சிடலாம். அப்போதும் அட்டையின் பின்புறத்தில் அவர் பெயரைப் போடுவது முறை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து என் சித்தி 1980களில் அனுப்பிய பேன்சிப் படம் அச்சிட்ட வாழ்த்து அட்டையைக் கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்தோம். சித்தி இப்போது இல்லை. அட்டையில் மஞ்சள் முழுவதும் போய், பூ வெளிறிய நீலமாகத் தெரிகிறது. பழைய நிறத்தை மீட்க முடியுமா?
— வாசகி ஒருவர், வள்ளியூர்

பதில்: மிகவும் வருந்துகிறேன், அம்மா. தேநீர்க் கடைச் சுவரில் நெடுநாள் வெயில் பட்ட சுவரொட்டிகள் நீலம் பாரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சு மைகளில் மஞ்சளும் மெஜெந்தாவும் வெளிச்சத்துக்கு முதலில் தோற்கும். வெளிர்நீலமும் கறுப்பும் கடைசி வரை நிற்கும். பேன்சிப் பூவில் இருந்ததே மஞ்சளும் ஊதாவும் என்பதால், மஞ்சள் மறைந்து, ஊதாவிலிருந்த மெஜெந்தாவும் மறைந்து, நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. போன சாயம் தாளுக்குத் திரும்பாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. சட்டத்தின் மரவிளிம்பு மூடியிருந்த ஓரத்தில் வெளிச்சம் பட்டிருக்காது. அங்கே பழைய நிறம் ஒரு நூலிழை அளவாவது இருக்கும். பின்பலகையை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். அட்டை கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே அட்டை முழுவதையும் ஸ்கேன் செய்து, அந்த ஓரத்து நிறத்தை அளவுகோலாகக் கொண்டு மற்ற பகுதியைத் திரையில் திருத்தச் சொன்னால், ஏறத்தாழப் பழைய பூ கிடைத்துவிடும். அந்தப் பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். மூல அட்டையின் உட்பக்கத்தில் சித்தியின் கையெழுத்து இருக்குமே, அதைப் பருத்தித் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே, ஈரம் படாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.